ஊலன்பிரிங்க் வீட்டுப் பெயர்

என் கண்ணே,

உன் கடிதம் வந்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெயரை எடுத்துக்கொண்டால் ஊலன்பிரிங்க் என்ற பெயரே அழிந்துவிடும் என்று புலம்பியிருக்கிறாய்.

விடுமுறைக்குப் போன ஊரிலெல்லாம் நீயும் அம்மாவும் தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து, அங்கிருக்கும் எண் புத்தகத்தில் நம் பெயரைத் தேடுவீர்கள். "இங்கயும் ஒருத்தர்கூட இல்லப்பா!" என்று நீ பெருமையாகக் கத்துவாய். நம் வெஸ்ட்ஃபாலியா வட்டாரத்தைத் தாண்டி ஒருவரும் அகப்பட்டதே இல்லை.

நான் பிறந்தது மையர் என்ற குடும்பப் பெயரோடு. தெருவுக்குப் பத்து மையர். ஊலன்பிரிங்க் என்றால் ஆந்தைமேடு; அம்மாவின் அந்த ஆந்தைமேட்டுப் பண்ணைக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த அன்று உன் தாத்தா, "இந்த வீட்ல யாரு அடுப்பு மூட்டுறாங்களோ அவங்கதான் ஊலன்பிரிங்க். மையரை வாசல்லயே விட்டுட்டு வாய்யா" என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கு வருத்தமே தோன்றவில்லை.

அம்மா போனபின் அந்த வீடு எனக்கு மிகப் பெரிதாகிவிட்டது. உன்னிடம் சொல்லத் தைரியமில்லாமல் தள்ளிப்போட்டேன். வசந்தத்தில் விற்றுவிட்டேன். இப்போது ரொட்டிக்கடை மாடியில் ஓர் அறை. வீட்டை வாங்கியவள் ஹாம்பர்க்கிலிருந்து வந்த நர்ஸ், பெயர் நோவாக்.

நேற்று ரொட்டிக்கடை வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றேன். "ஊலன்பிரிங்க், உங்களுக்கு என்ன வேணும்?" என்று கடைக்காரி கேட்டாள்.

"கறுப்பு ரொட்டி" என்றோம், இருவரும் ஒரே நேரத்தில்.

கடைக்காரி சிரித்தாள். "உங்களக் கேக்கல மையர், பண்ணைக்காரம்மாவக் கேட்டேன்."

பெயர் அழியவில்லை, கண்ணே. அது அந்த வீட்டோடு இருக்கிறது. நீ தைரியமாக மாப்பிள்ளையின் பெயரில் கையெழுத்துப் போடு.

உன் அப்பா