மாரியம்மன் காலடியில் வைத்த செக்

அன்புள்ள மதுரன் அண்ணாவுக்கு,

சம்பளத்தன்று அம்மாவின் போனில் ஒரு மெசேஜ்தான் வரும். போன முறை அடுத்தடுத்து இரண்டு வந்தன. இவ்வளவு எழுதியதுமே அம்மா என்னைத் தடுத்து, "மொதல்ல சொகத்த கேளுடி, சண்ட அப்புறம்" என்றார். அதனால் கேட்கிறேன். உடம்பு நன்றாக இருக்கிறதா, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே மழை விடவில்லை. அம்மாவுக்குக் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண், மற்றபடி இருவரும் இருக்கிறோம். அம்மா அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். போனில் பேசினால் நீங்கள் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். இதை அப்படி வைக்க முடியாது, கந்தப்பன் மாமா கொழும்புக்கு வந்து கையில் கொடுத்துவிட்டு நீங்கள் படித்து முடிக்கும் வரை முன்னாலேயே நிற்பார், அப்படித்தான் அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த இரண்டு மெசேஜும் இங்கிலீஷில் இருந்தன. முதலாவது சம்பளம் விழுந்தது என்று எனக்குத் தெரியும். இரண்டாவதில் ஏதோ கழித்திருந்தார்கள். என்னமோ கழிவு என்று நினைத்துக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினோம். மெஷின் கார்டைத் திருப்பித் தள்ளியது, காசு வரவில்லை. மறுபடி போட்டோம், மறுபடியும் தள்ளியது. பின்னால் வரிசையில் நின்றதெல்லாம் நம் தோட்டத்து ஆட்கள். காளியாயி அக்கா அம்மாவிடம், "மவனுக்கு ஒரு போனப் போடு வடிவு, அவன் தொரைல்ல, அவன் பேரக் கேட்டா மெஷினே எந்திரிச்சு நிக்கும்" என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தார். பாங்குக்குள்ளே போய்க் கேட்ட பிறகு அம்மா சிரிக்கவில்லை.

அங்கே முதலில் சிங்களத்தில் கேட்டார்கள். எனக்கு அது வாயில் வராது என்பது உங்களுக்குத் தெரியும். செக் யாருடையது என்று கேட்டதற்கு மட்டும் அண்ணனுடையது என்று சொன்னேன். பிறகு கிருஷாந்தி என்ற தமிழ் மிஸ் ஒருவர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். தேர்த் திருவிழாவுக்கு நீங்கள் உபயமாகக் கொடுத்த முப்பதாயிரம் ரூபாய் செக் போன மாதம்தான் பாங்குக்கு வந்திருக்கிறது. வந்த அன்று கணக்கில் ஒன்றுமே இல்லை. மாதா மாதம் சம்பளம் விழுகிற கணக்கு என்பதால் செக்கைத் திருப்பாமல் பாங்க் தன் காசைப் போட்டுக் கொடுத்துவிட்டது. அப்படிக் கொடுத்ததற்கு ஒரு கட்டணம், பிறகு நாளுக்கு நாள் வட்டி. அம்மா ஒரு மாதம் முழுக்க மழையில் நனைந்து கொழுந்து பறித்த சம்பளம் அப்படியே அந்தக் குழியில் விழுந்தது. குழி இன்னும் மூடவில்லை. அடுத்த சம்பளமும் அதற்குள்தான் விழும். அம்மா அந்த மிஸ்ஸிடம், "நா கைநாட்டு வச்சது சம்பளம் வாங்க, கடன் வாங்க இல்லீங்களே" என்றார். அவர் பாவம், என்ன செய்வார், "ரெண்டு பேரு சேந்த கணக்கும்மா, ஒருத்தர் மேல எடுத்தாலும் ரெண்டு பேரும்தான் கட்டணும்" என்றார். அம்மாவுக்குக் கையெழுத்து வராது, உங்கள் பெயரும் கூட இருந்தால் நல்லது என்று சொல்லிச் சேர்த்தவர் நீங்கள். செக் புத்தகம் எடுத்தவரும் நீங்கள். அம்மாவிடம் ஒரு கார்டு, உங்களிடம் ஒரு கார்டு.

திருவிழாவுக்கு முந்திய நாள் நீங்கள் அந்த முப்பதாயிரத்தைக் கணக்கில் போட்டது உண்மை. அதையும் மிஸ் பார்த்துச் சொன்னார். நம் தோட்டத்தில் இதுவரை உபயத்துக்கு யாரும் செக் கொடுத்ததில்லை. மைக்கில் உங்கள் பெயரை மூன்று தரம் சொன்னார்கள், சால்வை போட்டார்கள், அம்மா அழுதார். அதன் பிறகு நடந்ததுதான் எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா நேரே கோயில் பொருளாளர் யோகேஸ்வரன் அண்ணனிடம் போய் இத்தனை மாதம் செக்கை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அம்மன் காலடியில் வைத்துப் பொட்டு வைத்துத் தினமும் பூசை செய்தார்களாம், கமிட்டிக் கூட்டம் கூடியபோதுதான் எடுத்தார்களாம். "சாமிக்குக் குடுத்தத சாமிகிட்ட வைக்காம சட்டப் பையிலயா வைப்பாங்க" என்று அவர் அம்மாவையே திருப்பிக் கேட்டார். அவருக்குச் செக் பற்றித் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே அண்ணா. செக் இன்னும் போகவில்லை, காசு அப்படியே கிடக்கிறது என்று கண்டதும் கொழும்பில் கார்டைப் போட்டு எடுத்துவிட்டீர்கள். அந்த மாதம்தான் புதுப் போனோடு படம் அனுப்பினீர்கள். அம்மா அதைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டினார்.

இதை அம்மா சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் மாற்றக் கூடாதாம். "சாமிக்கு நீ குடுக்கலடா, நாந்தான் குடுத்தேன். சால்வைய நீ போட்டுக்கிட்ட. எடுத்ததக்கூட நா பொறுத்துக்குவேன். பாங்குல இருந்து ஒனக்கு ரெண்டு காயிதம் வந்திருக்கு, அந்த பாங்குப் புள்ள பாத்துச் சொல்லுச்சு. ரெண்டையும் வாங்கி வச்சுக்கிட்டு, அம்மா சாப்டீங்களான்னு போன்ல கேட்டியே, அந்த வாயி எப்புடிடா வந்துச்சு ஒனக்கு."

பாங்கிலிருந்து வந்த அன்றே நாகரத்தினம் முதலாளி கடைக்குப் போனோம். அரிசியும் மாவும் எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் தருகிறோம் என்று அம்மா கேட்டார். முதலாளி கெட்டவர் இல்லை, கொடுத்தார். ஆனால் கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, "முப்பதாயிரம் உபயம் பண்ணுன வீட்டுக்கு மாவுக்குக் கடனா, நல்லா வெளயாடுறீங்க" என்றார். மூட்டையை நான் தூக்குவதாகச் சொன்னதற்கும் அம்மா விடவில்லை, தானே தூக்கிக்கொண்டு பஸ் வரை நடந்தார். நீங்கள் ஏ.எல். பரீட்சை வரை படித்து முடிக்க வேண்டும் என்றுதான் நான் பத்தாம் வகுப்போடு நின்றேன், அதற்கு நான் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை. அன்று பஸ்ஸில் பார்த்தேன். இது அம்மா சொன்னது இல்லை, நான் எழுதுவது.

இனிச் செய்ய வேண்டியதை மிஸ் சொல்லியிருக்கிறார். நீங்கள் நேரில் வந்து மீதியைக் கட்ட வேண்டும். எப்படி நடந்தது என்று எழுதிக் கொடுத்தால் கட்டணத்தில் கொஞ்சம் குறைக்கச் சொல்லி மேனேஜரிடம் கேட்டுப் பார்ப்பாராம், வட்டியைக் குறைக்க மாட்டார்களாம். கட்டி முடித்ததும் கணக்கை மூடலாம், அதற்கு இரண்டு பேரும் வேண்டும். அதுவரை சம்பளத்தைக் கையில் தரும்படி தோட்டத்து ஆபீசில் கேட்கலாம், ஆனால் சம்பளப் பட்டியல் பாங்குக்குப் போவதற்கு முன் சொல்ல வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். அம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. "எம்மவன் பேர ஆபீசு வாசல்ல கொண்டுபோயி போட மாட்டேன். பட்டினி கெடந்தாலும் கெடப்பேன். அவன் வருவான்" என்கிறார். கோயில் தலைவர் வேறு நேற்று வந்து அடுத்த வருடமும் முதல் நாள் உபயம் நம் வீட்டுக்குத்தானே என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மா தலையை ஆட்டி அனுப்பினார். அவர் போன பிறகு உங்கள் சால்வையை மடித்துப் பெட்டிக்கு அடியில் போட்டார்.

ஆகவே வருகிற வெள்ளிக்கிழமை ரயிலில் ஏறுங்கள். அடையாள அட்டையும் உங்கள் கார்டும் செக் புத்தகமும் கொண்டுவர மறக்க வேண்டாம். புதுப் போனை விற்க முடிந்தால் விற்றுவிட்டு வரச் சொன்னார் அம்மா. கடைசியில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "நல்லாருன்னு எழுது. எம்புள்ளதானே. பெருசா எழுதாத" என்றார். நோய் நொடி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை இருக்கட்டும். குளிரில் நெஞ்சுச் சளி வரும், வரும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வரவும்.

இப்படிக்கு,
அம்மா சண்முகவடிவு
(எழுதியது தங்கை வினோதா)

பி.கு. இது நேற்று எழுதியது. கந்தப்பன் மாமா பத்து மணி ரயிலுக்குப் போகிறார், அதற்குள் இதையும் சேர்க்கிறேன். சம்பளப் பட்டியல் இன்றைக்கே பாங்குக்குப் போகிறது என்று காலையில் தெரிந்தது. அம்மா ஆபீஸ் வாசலில் கூடும் பெரட்டுக்குக் கிளம்பியபோது நானும் கூடப் போனேன். எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடி நின்றார்கள், காளியாயி அக்காவும் இருந்தார். நான் ஆபீஸ் ஜன்னலுக்குப் போய், அம்மா சம்பளத்தை இந்த முறை பாங்குக்கு அனுப்ப வேண்டாம் என்றேன். பெரிய கிளாக்கர் தலையை நிமிர்த்தாமல், "என்னா காரணம்? காது கேக்கல புள்ள, சத்தமா சொல்லு" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். நான் சத்தமாகச் சொன்னேன்.