வெறும் தண்ணீர்

மேற்பிரிவு,
வட்டவளை.
12.09.2004

அன்பு மகள் வினோதாவுக்கு அப்பா எழுதுவது,

இங்கு நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளை துஷாந்தும் வத்தளையில் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறோம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. உனக்கு ஐந்து மாதம் என்று நான் வாசித்ததும் அம்மா அடுப்பை மறந்துவிட்டாள். ரொட்டி கருகிப் போயிற்று. கருகினதை என் தலையில்தான் கட்டினாள்.

மழை விட்டபாடில்லை. உன் அக்காவின் பிள்ளைக்கு மூன்று வயதாகப் போகிறது. அம்மா அவளைப் பிள்ளைக்காம்பரா ஆயாவிடம் விட்டுவிட்டுத்தான் கொழுந்து பறிக்கப் போகிறாள். சிரித்தால் அவளைப் பெற்ற தவமணியேதான். அதனால் நான் அவளை அதிகம் சிரிக்க வைப்பதில்லை.

உனக்கு இரத்தம் குறைவு என்று டொக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்ததாக எழுதியிருந்தாய். "அக்காவுக்கு நீங்க குடுத்த மாதிரியே நானும் தவறாம போடுறேன்ப்பா" என்றும் எழுதியிருந்தாய். அந்த வரிக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

போன கிழமை பிள்ளைக்காம்பராவுக்குப் பிள்ளையைக் கூட்டிவரப் போனேன். புதிதாக வந்திருக்கும் மருத்துவிச்சி, யாழ்ப்பாணத்துச் சிவனேஸ்வரி மிஸ், சுவரில் ஒரு அட்டவணை ஒட்டி, தாய்மாருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். யாருக்கு ஒரு நாளைக்கு என்னென்ன சத்து எவ்வளவு வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. இரும்புச்சத்து ஆணுக்கு எட்டு மில்லிகிராம், பெண்ணுக்குப் பதினெட்டு, கர்ப்பிணிக்கு இருபத்தேழு. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "என்னங்க மிஸ், ஆம்பளைக்கு எட்டுதானா? அச்சுப் பிழையா இருக்கும்" என்றேன். "அச்சில பிழை இல்லை ஐயா, உங்கட வீட்டுச் சட்டியிலதான் பிழை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு போய்விட்டது. கருவாடு என்றாலும் மீன் என்றாலும் முதல் துண்டு என் தட்டில்தானே விழுந்தது? மலை ஏறிக் கொழுந்து பறித்த உன் அம்மாவுக்கும் அக்காவுக்கும் குழம்புதான் மிஞ்சியது. தவமணி எட்டாம் மாதம் வரை மலைக்குப் போனாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை. அவர்கள் ஊரில் மாத்திரையைக் குளிசை என்பார்கள். "தேத்தண்ணியோட இந்தக் குளிசையைப் போட்டா சத்து உடம்பில சேராது, தண்ணியோடதான் போடோணும்" என்று மிஸ் சொன்னார்.

அக்காவுக்கு மாத்திரை கொடுத்த பழைய மருத்துவிச்சி அம்மாவும் "தண்ணியோட குடுங்க" என்றுதான் சொன்னார். நம் வீட்டில் தண்ணி என்றால் என்ன, மகளே? "தண்ணி குடிச்சாச்சா" என்று கேட்டால் தேயிலைச் சாயத்தண்ணிதானே? ஏழு மாதம், ஒரு நாள் தவறாமல், ஸ்டோரில் தேயிலை அரைக்கும் வேலை முடிந்து வந்த கையோடு, சாயம் நன்றாக இறங்க விட்டு ஊற்றிக் கொடுத்தேன். ஒரு கையில் கோப்பை, ஒரு கையில் மாத்திரை. "கசக்குதுப்பா" என்பாள். "குடிச்சாத்தான் ரத்தம் ஊறும்" என்பேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

பிள்ளை பிறந்த பிறகு இரத்தம் நிற்கவில்லை, முன்பே குறைவாக இருந்ததால் உடம்பு தாங்கவில்லை என்று டொக்டர் சொன்னபோது, "என் புள்ள ஒருநாள்கூட மாத்திரைய விடலீங்க" என்று அவரோடு சண்டைக்குப் போனேன். உனக்கு நினைவிருக்கும்.

மிஸ்ஸிடம் தனியாகக் கேட்டேன். "அது மட்டும் காரணமா இராது ஐயா, மனசைப் போட்டு வதைக்காதேங்கோ" என்றார். நல்ல பிள்ளை. ஆனால் அந்த 'மட்டும்' என்ற சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. அம்மாவுக்கு இதைச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. அவள் தாங்கமாட்டாள்.

மாத்திரையைக் கொதித்து ஆறின வெறும் தண்ணீரில் போடு. தேத்தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடி. மீன் வாங்கினால் உன் பங்கை முதலில் எடுத்து வை. மாப்பிள்ளைக்கு எட்டு, உனக்கு இருபத்தேழு. அவர் முகம் சுளித்தால் மாமனார் எழுதினார் என்று காட்டு. என் மேல் கோபம் வந்தால் வரட்டும்.

பிரசவத்துக்கு இங்கே வருவதாக எழுதியிருக்கிறாய். வா, மகளே. மாத்திரை எடுத்துத் தர எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் நீட்டும் கோப்பையை முதலில் முகர்ந்து பார். தண்ணீர் என்றால் மட்டும் வாங்கு.

நீயும் உன் பிள்ளையும், இரண்டு பேருமாக, ஆஸ்பத்திரியிலிருந்து இந்த வாசலுக்கு வந்து சேர வேண்டும். முருகன் துணை.

இப்படிக்கு,
உன் அப்பா
பழனியாண்டி