நேர்மையான ஆட்டக்காரிக்கு

உன் விருது இப்போது என் குசினி மேசையில் இருக்கிறது. இஷொயில் உங்கள் வீட்டிலிருந்து டோஸ்ட்ருப்பில் என் வீடு வரைக்கும் அன்ரி, உன் அம்மா, பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். உள்ளங்கை அகலக் கண்ணாடி, அதில் உன் பெயர், கீழே பின்லாந்து மொழியில் இரண்டு வரி. ஒரு பருவத்தில் அங்கே பெண்கள் ஐஸ் ஹொக்கியில் மிக நேர்மையாக ஆடியவள் நீ என்பது அதன் அர்த்தமாம். "உனக்குத்தான் குடுக்கச் சொன்னவள், பிள்ளை. வேற ஆருக்கும் குடுக்க மனம் வரேல்லை அவளுக்கு," என்று அன்ரி அழுதார். நான் தேத்தண்ணி போட்டேன். எனக்கு அழுகை வரவில்லை.

ஆட்ட நாட்களில் அன்ரிதான் நம் இரண்டு பேருக்கும் தலை பின்னிவிடுவார், நினைவிருக்கிறதா? இங்கே டென்மார்க்கில் நம் அணியில் கறுத்த தலைமயிர் நமக்கு மட்டும்தான். ஒரே மாதிரிப் பின்னல் ஹெல்மெட்டுக்கு வெளியே வந்து, முதுகில் இருந்த இலக்கத்தை மறைத்துக்கொண்டு தொங்கும். உள்ளே விடச் சொல்லிப் பயிற்சியாளர் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனார். "உள்ளுக்க விடுறதெண்டால் நான் என்னத்துக்குப் பின்னுறன்?" என்று அன்ரி தமிழிலேயே அவரிடம் கேட்பார். நாம் டேனிஷில் சிரிப்போம். நமக்குள் தமிழ் வந்தது சண்டை பிடிக்க மட்டும்தான்.

பின்லாந்து அணி ஒன்றின் பயிற்சியாளர் நம் இருவரையும் பார்க்கவென்று வந்திருந்த நாள் அது. ஒருத்தியைத்தான் எடுப்பார் என்று தெரியும். எதிரணிப் பெண் ஆடுகிற ரப்பர் வட்டை உன்னிடமிருந்து பறித்துக்கொண்டு போனாள். நீ துரத்திப்போய் முதுகில் இடித்து அவளை ஓரப் பலகையில் மோதவிட்டாய். அவள் எழும்பவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். நடுவர் திரும்பியபோது அவர் கண்ணில் பட்டது ஒரு கறுத்த பின்னல். கையை என் பக்கம் நீட்டினார்.

"நான் இல்லை," என்று கத்தினேன். உன்னைப் பார்த்தேன். நீ குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாய். நாடா அவிழ்ந்தே இருக்கவில்லை.

என்னை வெளியே அனுப்பினார்கள். அடுத்த சில ஆட்டங்களுக்கும் தடை. உடுப்பு மாற்றும் அறையில் நீ வந்து என் கையைப் பிடித்துத் தமிழில் சொன்னாய்: "இப்ப சொன்னால் பின்லாந்து போயிடுமடி. உனக்குக் கொஞ்ச நாள் தடைதானே. சீசன் முடியட்டும், நானே எல்லாருக்கும் சொல்லுறன்." நானும் நம்பினேன். உன்னை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

கொஞ்ச நாள் தடையோடு அது நிற்கவில்லை. பார்வையாளர் வரிசையில் இருந்த அப்பா, அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனதைக் கண்டவர். "ஆக்களை அடிச்சு விழுத்தவோ உன்னைக் காரில கொண்டு திரிஞ்சனான்? காணும், நிப்பாட்டு," என்றார். அடித்தது நீ என்று சொன்னேன். "அந்தப் பிள்ளை அப்பிடிச் செய்யுமே? எரிச்சலில கதையாதை," என்றார். அணிப் பெண்களும் அதையேதான் நினைத்தார்கள். என் சறுக்குச் சப்பாத்தை அந்த மாதமே அப்பா விற்றுவிட்டார். சீசன் முடிந்தது, நீ ஒருவருக்கும் சொல்லாமலே பின்லாந்து போனாய், போன இடத்தில் பெயரும் எடுத்தாய். விருது வாங்கும் படத்தை எனக்கு அனுப்பினாய், சிரித்த முகத்தோடு! அனுப்ப உனக்கு எப்படி மனம் வந்தது என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

நீ வருத்தமாகித் திரும்பி வந்து இங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேலை முடித்து வந்து வந்து உன் கட்டிலருகே இருந்தேன். பாசத்தில் வந்தேன், பொய் சொல்லவில்லை. அந்த ஒரு பேச்சுக்காகக் காத்தும் இருந்தேன். நீ சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தாய், தாதிமாரைப் பற்றிக் கதைத்தாய். கடைசியாக வந்த அன்று, "நீ நல்லவளடி," என்றாய். அவ்வளவுதான். வாயால் சொல்ல முடியாததைக் கண்ணாடியாக அன்ரியிடம் கொடுத்து அனுப்பினாய். அதுவும் உனக்குத்தான் நல்ல பெயராகப் போனது. "சாகேக்கையும் விருதைக் கூட்டாளிக்குக் குடுத்திட்டுப் போன பிள்ளை," என்று செத்தவீட்டுக்கு வந்த சனம் எல்லாம் மெச்சுகிறது.

உன் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். தோழியின் பக்கம் என்னுடையது. உன் சிரிப்பையும் வேகத்தையும், எனக்கு டேனிஷில் கணக்குப் பாடம் சொல்லித் தந்ததையும் எழுதிக் கொடுத்தேன். எல்லாம் உண்மை. நேற்று அன்ரி தொலைபேசியில் எடுத்தார். "வடிவாய் எழுதியிருக்கிறாய், பிள்ளை. நேர்மையானவள் எண்டு ஒரு சொல் மட்டும் காணேல்லை. மறந்திட்டியோ?"

உண்மை எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அவருக்கு இருந்த ஒரே பிள்ளை நீ. இனி உன் நல்ல பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் மிச்சக் காலத்தை அவர் ஓட்ட வேண்டும்.

"ஓம் அன்ரி, மறந்திட்டன். போடுங்கோ," என்றேன்.

அச்சுக்குப் போய்விட்டது. என் பெயரின் கீழே, என் கையால் எழுதியதுபோல, சனம் அதை வாசிக்கும். நானும் பக்கத்தில் நின்று சோறு பரிமாறுவேன். கோபம் போய்விட்டது என்று மட்டும் நினைத்துவிடாதே. உன் சட்டையைப் பிடித்து, தமிழில், தொண்டை கிழியக் கத்திப் பிடிக்க வேண்டிய ஒரு சண்டை என்னிடம் அப்படியே கிடக்கிறது. இனி அதை நான் யாரோடு பிடிக்க?