அம்மாவுக்கு என் கல்லீரல்

மலாத்யா,
மார்ச் 9

அன்பு மகள் செவ்தாவுக்கு,

ஸ்டுட்கார்ட்டில் குளிர் விட்டிருக்கும், நீ உடம்பைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போய்வருவாய் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதினால் நீயே சிரிப்பாய், அதனால் உள்ளபடி எழுதுகிறேன். போனில் நீ அழுகிறாய், நான் எரிந்து விழுகிறேன், எழுத்துதான் நமக்குச் சரி.

அம்மாவின் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. போன செவ்வாய் வயிற்றிலிருந்து எட்டு லிட்டர் நீர் எடுத்தார்கள், திரும்பவும் ஊறுகிறது. கல்லீரலை மாற்றும்போதே இரைப்பையையும் வெட்டிச் சிறிதாக்க வேண்டும், இல்லையென்றால் புது ஈரலிலும் கொழுப்பு படிந்துவிடும் என்கிறார் டாக்டர். அதற்கு அம்மா தலையாட்டிவிட்டாள். நீ பாதி ஈரல் தருகிறேன் என்றதற்குத்தான், என் புள்ள வயித்துல கத்தி வச்சா அந்த ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கமாட்டேன் என்று நிற்கிறாள். மிச்சம் நான் ஒருவன். ரத்த வகை பொருந்தியது, ஆனால் ஸ்கேனில் என் ஈரலிலும் கொழுப்பு. உன் அம்மா எடுத்த ஒவ்வொரு ரொட்டித் துண்டையும் இருபது வருஷமாகக் குத்திக்காட்டியவன் நான். எட்டு கிலோ குறைத்துவிட்டு வாருங்கள் என்றார்கள். எட்டுதானே என்று இருபது நாள் வெறும் தேநீரும் வெள்ளரிக்காயுமாகக் கிடந்தேன். ஒன்பது இறங்கியது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், இப்படிப் பட்டினி கிடந்து ஈரலைக் கெடுத்துக்கொண்டு வந்தால் நான் எதை வெட்டி எடுப்பது, ஆறு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று நர்ஸ்கள் முன்னாலேயே திட்டினார். அம்மாவுக்கு ஆறு வாரம் தாங்குமா என்று கேட்டேன். அடுத்த நோயாளியின் கோப்பைத் திறந்தார். வீட்டில் சொன்னதும் உன் அம்மா, இது என்ன நீ ரிப்பேர் பாக்குற லிஃப்டாய்யா, கயித்த அறுத்துவிட்டு சர்ருனு எறக்குறதுக்கு என்றாள், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து என் சாப்பாடு அவள் கையில். நின்றாலே மூச்சு வாங்குகிறவள் நாற்காலியில் உட்கார்ந்து எனக்குப் பருப்பு சூப்புக்கு வெங்காயம் நறுக்குகிறாள். மேல்வீட்டு முசெய்யன் அக்கா வெண்ணெய் ஒழுக அடுக்கடுக்காகச் சுட்ட போரெக்கைக் கொண்டுவந்து, சாப்பிடாவிட்டால் என் செத்த முகத்தைத்தான் பார்ப்பாய் என்று வழக்கம்போல சத்தியம் வைத்தாள். அதற்குமேல் நம் ஊரில் எவன் மறுப்பான், நான் கையை நீட்டிவிட்டேன். அம்மாதான், அக்கா, நீ செத்தா ஒரு வாரம் அழுவோம், இந்த மனுஷன் ஈரல் கெட்டா நான் போயிருவேன், தட்ட எடு என்றாள். அக்கா முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள், மறுநாள் உப்பில்லாமல் பீன்ஸ் வேகவைத்துக் கொண்டுவந்தாள்.

நடுவில் அம்மாவுக்கு நினைவு தடுமாறி நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். உன்னிடம் மறைத்தேன். நான் அவசரப்படாமல் இருந்திருந்தால் அதற்கு முன்பே ஆபரேஷன் முடிந்திருக்கும், இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நேற்று என் ஈரலை ஏற்றுக்கொண்டார்கள். இருபத்துநான்காம் தேதி ஆபரேஷன். நீ ஒன்றும் தர வேண்டாம். வர வேண்டாம் என்று மூன்று முறை சொன்னவன்தான், இப்போது வா என்கிறேன். சாக்லெட் வாங்காதே, லீவு மட்டும் கேள், இருபத்திரண்டுக்குள் வந்துவிடு. கொடுப்பவனை முதலில் கொண்டுபோய்விடுவார்கள். அவளைக் கூப்பிட இரண்டு மூன்று மணி நேரம் ஆகுமாம். அதுவரை அவள் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது.

அல்லா உன் வழியை லேசாக்கட்டும். உன் கண்களில் முத்தம்.

அப்பா
துன்ஜாய்