கோழியும் கழுநீர்க் காபியும்

மே 2, செவ்வாய்

இன்றும் ஹேமியின் காபியை அவன் கடை வாசலில் இருக்கும் பெரணித் தொட்டியில் ஊற்றினேன். செடி இன்னும் சாகவில்லை. என் வயிற்றைவிடக் கெட்டி.

பேருந்து கழுவிய தண்ணீரில் பால் ஊற்றிக் கொதிக்க வைத்தால் இப்படித்தான் இருக்கும். இருபது வருடமாக இந்த ஊரில் பேருந்து ஓட்டுகிறவள் சொல்கிறேன்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டான். “அருமை” என்று பல்லைக் காட்டினேன். காலை ஆறரைக்கு அவன் கடை திறந்ததும் முதல் கோப்பை எனக்குத்தான். பதினான்கு வருடமாக அப்படித்தான். ஏப்ரலில் காய்ச்சல் வந்து பத்து நாள் கடையை மூடிப் படுத்துக் கிடந்தான். எழுந்து வந்ததிலிருந்து காபி இந்தக் கதியில் இருக்கிறது. மெலிந்து போயிருக்கிறான், அவனிடம் போய் எப்படிச் சொல்வது?

அவனுக்கு மட்டும் அப்படி எந்தக் கூச்சமும் கிடையாது. கடைக்கு எதிர் நடைபாதையில் ஒரு தொலைபேசி இணைப்புப் பெட்டி நிற்கிறது, ஆள் இடுப்பு உயரத்தில். அதில் படம் வரையும் வேலை இந்த வருடம் எனக்குக் கிடைத்திருக்கிறது. ஷிப்ட் மத்தியானம்தான் என்பதால் காலையில் உட்கார்ந்து டூயிப் பறவை வரைகிறேன். மேஜை துடைக்கும் துணியோடு தெருவைக் கடந்து வந்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“ஏன் நோலீன், இந்தக் கோழி கழுத்துல என்ன பஞ்சு ஒட்டியிருக்கு?”

டூயிக்குக் கழுத்தில் வெள்ளைக் குஞ்சம் உண்டு. வெலிங்டனில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவனுக்கும் தெரியும், பாவிக்கு.

மே 3, புதன்

காற்று. தொப்பி போச்சு. இந்நேரம் தென்தீவில் யார் தலையிலாவது இருக்கும்.

மே 6, சனி

தப்புப் பண்ணிவிட்டேன். பழைய சலவைக்கடை இருந்த இடத்தில் புதிதாக வந்திருக்கும் வெள்ளைச் சுவர்க் கடைக்குப் போனேன். உட்கார முதுகில்லாத மரப்பெட்டிகள். காபி போடுகிறவனின் தாடியில் ஒரு குருவிக் குடும்பம் வாடகைக்கு இருக்கலாம். காபி எந்த மலைச்சரிவில் விளைந்தது, அந்த மலைக்கு எந்தப் பக்கம் வெயில் விழும் என்றெல்லாம் சொன்னான். குடித்தேன். சனியன், நன்றாக இருந்தது! கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

கோப்பையோடு ஹேமியின் ஜன்னலைத் தாண்ட முடியாது. அதனால் மலைப்படி வழியாக ஏறி, அந்தப் பக்கமாக இறங்குவது என்று முடிவெடுத்தேன். நூற்றுப் பன்னிரண்டு படி. பாதி வழியில் எதிரே க்ளைவ் வருகிறார். ஓய்வுபெற்ற தபால்காரர், ஹேமி கடையில் ஜன்னலோர மேஜை அவருடையது. கையில் செய்தித்தாள், அதற்குள் ஏதோ ஆவி பறக்கிறது.

“நடந்தா முட்டிக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு” என்றார்.

“எனக்கும்” என்றேன்.

இருவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே பிரிந்தோம். மேலே போனால் பல்மருத்துவரின் மனைவி, அவளுக்குப் பின்னால் கிடார்க்கார இரட்டையர்கள். தெருவே படியேறுகிறது. இவ்வளவு ஆரோக்கியமான தெரு இந்த ஊரிலேயே கிடையாது.

மே 16, செவ்வாய்

இன்றைக்குத்தான் புரிந்தது.

ஹேமியின் அடுப்பில் சீஸ் ஸ்கோன் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. நாற்றம் நடைபாதை வரை வந்து, வண்ணம் பூசிக்கொண்டிருந்த நான் தூரிகையைப் போட்டுவிட்டு ஓடினேன். அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி நின்று விசிலடித்தபடி கோப்பை துடைத்துக்கொண்டிருக்கிறான்! கதவைத் திறந்தால் உள்ளே பன்னிரண்டு கரிக்கட்டை.

“மணி அடிக்கிறது கெட்டுப்போச்சு” என்றான் அடுப்பைக் காட்டி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

மணி கெடவில்லை, அவன் மூக்குதான் போய்விட்டது. காய்ச்சல் அதைக் கொண்டுபோயிருக்கிறது. வாசனை போனால் ருசியும் போகும். கண்ணைக் கட்டிக்கொண்டு நான் பேருந்து ஓட்டுகிற மாதிரி காபி போட்டுக்கொண்டிருக்கிறான், மனுஷன்.

மே 20, சனி

படிக்கட்டில் கூட்டம். நிஜமாகவே கூட்டம் போட்டோம், ஆளுக்கொரு வெள்ளைச் சுவர்க் கோப்பையோடு. ஹேமியிடம் யார் சொல்வது?

“நீதான் சொல்லணும்மா. நீதானே அவனுக்கு நெருக்கம்” என்றார் க்ளைவ்.

“நீங்க நாற்பது வருஷம் இந்தத் தெருவுக்குக் கெட்ட செய்தி கொண்டு போனவரு. நீங்க சொல்லுங்க.”

“அது உறையில இருக்கும். நான் வாயத் திறந்து சொன்னதில்லை.”

அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஏகமனதாக முடிவாயிற்று. கோழைகள். நானும்தான்.

மே 24, புதன்

விடுப்பு. ஊர் சுற்றினேன். க்யூபா தெருவில் வாளி வாளியாய்க் கவிழும் நீரூற்று வழக்கம்போல் குறி தவறி ஒரு வக்கீலை நனைத்தது, மனசுக்கு இதமாக இருந்தது. நின்றபடி ஒரு தட்டு மலேசிய ரொட்டி. பிறகு கலைக்கூடம். ஓர் அறை முழுக்க இருட்டு, அதுதான் படைப்பாம். உள்ளே யாரோ குறட்டை விட்டார்கள். அதுவும் சேர்த்தியா என்று காவல்காரப் பெண்ணிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, “இருக்கலாம்” என்றாள்.

திரும்பும்போது மற்றவர்கள் வரைந்த பெட்டிகளைப் பார்த்தபடி நடந்தேன். ஒன்றில் திமிங்கிலம், ஒன்றில் யாரோ ஒருவருடைய நாய். எல்லாம் என்னுடையதைவிடத் தேவலை. என் பெட்டியைப் பார்த்த ஒவ்வொருவரும் “அழகு, அழகு” என்கிறார்கள். ஒரு குழந்தை மட்டும் “கொக்கரக்கோ” என்றது. அதன் அம்மா வாயைப் பொத்திவிட்டாள்.

ஹேமிதான் முதலிலேயே சொன்னானே. அவன் சொன்னபோது கோபம் வந்தது. ஆனால் மற்றவர்கள் சொன்ன “அழகு” ஒன்றுகூட வீடு வரை என்னோடு வரவில்லை.

ஜூன் 1, வியாழன்

சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கவே கூடாது. இல்லை, ஏப்ரலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஆறரைக்குப் போனேன். ஏழரை வரை வேறு யாரும் வரவில்லை. கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, “ஜூலையில மாதாரிகிப் புத்தாண்டோட கடை வாடகை ஒப்பந்தம் முடியுது. புதுப்பிக்கப் போறதில்லை. இந்தத் தெருவுக்கு என்னைப் புளிச்சுப்போச்சு” என்றான் சாதாரணமாக. அவன் இல்லாத தெருவை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

“யோவ், உன்னை யாருக்கும் புளிக்கலை! உன் காபிதான் கழுநீர் மாதிரி இருக்கு. ரெண்டு மாசமா உன் செடிதான்யா குடிக்குது. உனக்கு மூக்கு போயிடுச்சு, அதை எங்ககிட்ட சொல்றதுக்கென்ன?”

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

“அப்ப தினமும் சிரிச்சியே?”

“நீ வருத்தப்படுவேன்னு…”

“மூக்கு போனது எனக்குத் தெரியாதா? காய்ச்சல் விட்ட அன்னிக்கே தெரியும். நாளுக்கு நாள் காத்துல ஈரம் மாறும், அரைவை மெஷின் திருகையும் ஒரு பல்லு முன்ன பின்ன மாத்தணும். மோந்து பாக்க முடியலை. என்ன பண்றது? சரி, முத கோப்பை நோலீனுக்கு, அவ மூஞ்சியப் பாத்து திருகிக்கலாம்னு இருந்தேன். முத நாளே நீ சிரிச்ச. அன்னிலேர்ந்து அந்தத் திருகை நான் தொடவே இல்லை.”

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஊரே பொய் சொல்லும். நீ ஒருத்தி சொல்ல மாட்டேன்னு நினைச்சேன்” என்றான். உள்ளே போய்விட்டான்.

ஐயோ. அந்தக் கழுநீரைப் போட்டது நான்தான். அவனுக்கு மிச்சமிருந்த ஒரே மூக்கு என் மூஞ்சி, அதை வைத்துக்கொண்டு தினமும் இளித்திருக்கிறேன். இரக்கமாம், மண்ணாங்கட்டி! சங்கடப்படப் பயம், அவ்வளவுதான். மத்தியானம் பேருந்தில் இரண்டு நிறுத்தங்களை விட்டுவிட்டேன். கண்ணீர் மறைத்தது.

ஜூன் 2, வெள்ளி

கடை திறக்கவில்லை.

ஜூன் 3, சனி

இன்றும் இல்லை. பெரணிக்குத் தண்ணீர் ஊற்றினேன். நல்ல தண்ணீர்.

ஜூன் 6, செவ்வாய்

காலை ஐந்து மணிக்கே எழுந்து பெட்டியின் முன் உட்கார்ந்தேன். நான் வரைந்தது கோழி. கோழிதான். ஒத்துக்கொண்டதும் கை லேசாகிவிட்டது. சிவப்புக் கொண்டை வைத்தேன், மஞ்சள் கால் போட்டேன், வயிற்றை நன்றாகப் பருக்க வைத்தேன். கழுத்துப் பஞ்சை மட்டும் அப்படியே விட்டேன். கீழே ஒரு சிறிய கோப்பை, கோழி அதில் மூக்கை விட்டு முகம் சுளிக்கிறது. இத்தனை நாளில் முதல் முறையாக ஆட்கள் நின்று சிரித்துவிட்டுப் போனார்கள். “அழகு” என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

பத்து மணி வாக்கில் எதிரே கடைக்கு மேலே அவன் வீட்டு மாடி ஜன்னல் திறந்தது. கலைந்த தலையோடு ஹேமி.

“இப்பத்தான் டூயி மாதிரி இருக்கு” என்று கத்தினான்.

ஜன்னல் மூடியது. ஐந்து நிமிடம் கழித்துக் கடையின் கதவு திறந்தது.

ஜூன் 7, புதன்

முதல் கோப்பை. துப்பினேன். ஒரு பல் திருகினான். இரண்டாவது. துப்பினேன். “கசப்பா, புளிப்பா? ஒழுங்கா சொல்லு, நாடகம் ஆடாதே.” புளிப்பு. திருகினான். காபிக்கொட்டை மூட்டையை முகர்ந்து பார்க்கச் சொன்னான். பழைய சாக்கு மாதிரி இருந்தது, தூக்கி எறிந்தோம். பாலை அளவுக்கு மேல் சுட வைக்கிறான் என்று அடுத்துக் கண்டுபிடித்தோம். ஏழு, எட்டு, ஒன்பது. என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, பாதி காபியால், பாதி பயத்தால்.

பதினொன்றாவதைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு வாய் குடித்தேன்.

“சிரிக்கிறியா, அழறியா? எதைப் பாத்து நான் திருகறது?”

“திருகாதே” என்றேன்.

ஜூலை 14, வெள்ளி. மாதாரிகி

விடுமுறை. படி வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன், சும்மா ஒரு ஆசைக்கு. நூற்றுப் பன்னிரண்டு படியிலும் ஒரு ஈ காக்கை இல்லை. கீழே ஹேமியின் கடையில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. புது ஒப்பந்தத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறான், சட்டம் போட்டு. க்ளைவ் ஜன்னலோர மேஜையைத் தட்டினார்.

“சீக்கிரம் வாம்மா. நீ குடிக்காம எங்க யாருக்கும் தர மாட்டேங்கிறான்.”

ராத்திரி மழை. காற்றில் ஈரம். முதல் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு ஹேமி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வரிசை முழுக்க என் மூஞ்சியைப் பார்த்தது. ஒரு வாய் குடித்தேன்.

“கேவலம்.”

“நன்றி நோலீன்” என்றான். ஒரு பல் திருகினான்.