ஒன்றாம் எண் இசைத்தட்டு

மார்ச் 4, 2018, ஞாயிறு

இன்று பதினான்கு தட்டுகள் கழுவினேன். மூன்றாம் அடுக்கில் மறுபடியும் பூஞ்சை. பாண்டுங் மழையில் துணிதான் காய்வதில்லை என்றால் இசைத்தட்டும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துத் தொலைக்கிறது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர், ஒரே ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, ஆட்டுமயிர்த் தூரிகை. தட்டின் நடுவிலுள்ள காகித வட்டம் நனையாமலிருக்க, அதன்மேல் மார்ஜரின் டப்பாவின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அதே மூடிதான்.

என் வீட்டுக்காரர் ருக்மானா நேற்று இன்னும் பதினொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மொத்தம் 2,846. வாங்குவதோடு அவர் வேலை முடிந்தது. கழுவி, எண் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு அட்டை எழுதிப் பெட்டியில் அடுக்கி, தூசி இறங்காதபடி உறையில் செருகி, சாயாமல் நிமிர்த்தி வைப்பதெல்லாம் நான். அடுக்குகளில் எண் வரிசைதான் உண்டு. பாடகரின் பெயரை அட்டையில் தேடி, அதிலிருந்து எண்ணைப் பிடிக்க வேண்டும். தபால் ஆபீஸ் கோப்பறையில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்ட முறை.

"உன் கை பட்டாத்தான், இமாஸ், இதுங்க பாடுது," என்றார் ருக்மானா. பாதி இடுப்புவலி போய்விட்டது. இந்த வயதில் இப்படி எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் போய்விட்டதே!

மார்ச் 9, வெள்ளி

ஏதோ பத்திரிகையிலிருந்து புதன்கிழமை பேட்டி எடுக்க வருகிறார்களாம். இவர் இன்றைக்கே போய் முடி வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். புது மாப்பிள்ளை தோற்றுப்போவான். நான் அலமாரிகளைத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிறு பைகளை வெறும் வாணலியில் வாட்டித் திரும்பப் போட்டேன்.

மார்ச் 14, புதன்

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

வந்தவள் பெயர் நிந்தியா. சின்னப் பெண், மரியாதையான பெண். நான் சமையலறையில் காய்கறி போட்டுப் பாலா-பாலா பொரித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் கிடந்தது.

"இவ்ளோ தட்டையும் யார் சார் சுத்தம் பண்றது?"

"நான்தான். வேற யாரையும் தொட விடறதில்ல. கண்ணைக் கட்டிவிட்டாக்கூட எது எங்க இருக்குன்னு எடுத்துக் குடுப்பேன்."

"அம்மாவுக்கும் இதுல ஆர்வம் உண்டா?"

"அவளுக்கா! இரைச்சல்னு காதைப் பொத்திக்குவா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சரி, ஆம்பிளை வீம்பு, பேசிவிட்டுப் போகட்டும் என்று பலகாரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அப்போது அவர் கையில் ஒன்றாம் எண் இருந்தது.

"நான் வாங்கின முதல் தட்டு இதுதான்மா. காலேஜ்ல படிக்கிறப்ப ஒரு மாசம் மத்தியானச் சோத்தை விட்டுட்டு, அந்தக் காசுல வாங்கினேன்."

அது என் முதல் சம்பளம். 1986. சிகாபுண்டுங் நடைபாதையில் வெயிலில் நின்று நான் பேரம் பேசி வாங்கியது. போட்டுக் கேட்க என்னிடம் பாட்டுப் பெட்டி கிடையாது. இவரிடம் பாட்டுப் பெட்டி இருந்தது, போடுவதற்கு ஒரு தட்டு கிடையாது. அப்படித்தானே எங்களுக்குப் பழக்கமே ஆனது? அதைச் சொல்லித்தானே கல்யாணத்தன்று ஊரையே சிரிக்க வைத்தார்?

பலகாரத்தோடு அப்படியே நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சமாவது தடுமாறுவார் என்று நினைத்தேன்.

"டீயில சக்கரை கம்மி, இமாஸ்," என்றார்.

மார்ச் 15, வியாழன்

கேட்டேன். "பேட்டின்னா ஒரு கதை வேணும்ல? சும்மா பெரிசு பண்ணாத." அவ்வளவுதான் பதில்.

மார்ச் 18, ஞாயிறு

கழுவவில்லை. தூரிகை காய்ந்து கிடக்கிறது. அவர் கவனிக்கக்கூட இல்லை.

மார்ச் 23, வெள்ளி

பத்திரிகை வந்துவிட்டது. முழுப்பக்கப் படம். கையில் என் தூரிகை. தலைகீழாகப் பிடித்திருக்கிறார், மனுஷர்! ஏப்ரல் ஏழாம் தேதி நகர மண்டபத்தில் கண்காட்சியாம். ஒன்றாம் எண்ணைத் தனியாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்களாம்.

தங்கை தித்தின் சுமெடாங்கிலிருந்து போன் பண்ணினாள். "ஏங்க்கா, அது உன் ரிக்கார்டுல்ல? உன் பேர்கூட எழுதியிருக்குமே!"

ஆமாம், எழுதியிருக்கிறது. அது ஒன்றுதான் ஆறுதல். கண்ணாடிக்குள் வைத்தாலும் என் பேர் தெரியத்தானே செய்யும்?

மார்ச் 25, ஞாயிறு

என்ன கோபமிருந்தாலும் அதை அழுக்கோடு சபைக்கு அனுப்ப மனம் வரவில்லை. கழுவலாம் என்று ஒன்றாம் எண்ணை எடுத்தேன். மூடியை வைக்கப் போனவள்—

பேர் இல்லை.

காகித வட்டத்தில் நீல பால்பாயிண்ட் பேனாவால் 'இமாஸ், ஆகஸ்ட் 86' என்று எழுதியிருந்தேன். விருந்து வீடுகளுக்கு இரவல் போன தட்டு திரும்பி வர வேண்டுமே, அப்போதெல்லாம் எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். இப்போது அந்த இடத்தில் வெளுத்துப்போன ஒரு தடம். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்திருக்கிறார். முப்பத்தொரு வருஷமா இந்த மூடியை அமுக்கி அமுக்கிப் பிடிச்சு, ஒரு சொட்டுத் தண்ணி படாம அந்தப் பேரைக் காப்பாத்தினேனே! விரலெல்லாம் மரத்துப்போகுமே! இவர் ஒரு துண்டுப் பஞ்சுல...

போய் எதிரில் நின்றேன். "யார் துடைச்சது?"

"மேல யாரோ பேரைக் கிறுக்கி வெச்சிருந்தா மதிப்பு போயிடும் இமாஸ். பார்க்கிறவங்க ஆயிரம் கேள்வி கேட்பாங்க."

"யாரோவா?"

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று பேசியதைக்கூட வாய் தவறி வந்தது என்று வைத்துக்கொண்டேன். இது அப்படி இல்லை. பஞ்சைத் தேடி, ஸ்பிரிட்டைத் தேடி, உட்கார்ந்து நிதானமாகச் செய்த காரியம். துரோகி. எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப்போவதில்லை.

குறிப்பு அட்டைகள் இருக்கும் பெட்டியை எடுத்து என் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 1, ஞாயிறு

கண்காட்சிக்காரர்கள் இரண்டு பேர் காலையிலேயே வந்தார்கள், கூடவே நிந்தியாவும். இருபது தட்டுகளுக்குப் பட்டியல் கொண்டு வந்திருந்தார்கள்.

"கண்ணைக் கட்டிவிடவா சார்?" என்று ஒருவன் விளையாட்டாகக் கேட்டான்.

இவர் முதல் அடுக்கைக் குடைந்தார். நாலாவதைக் குடைந்தார். அரைமணி நேரத்தில் கிடைத்தது மூன்று. அதிலும் ஒன்று தப்பு. தரையெல்லாம் உறைகள். பிடரி வியர்த்துவிட்டது அவருக்கு.

"இமாஸ்! அந்த அட்டைப் பெட்டி எங்க?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான்தான் இரைச்சல்னு காதைப் பொத்திக்கிறவளாச்சே."

யாரும் சிரிக்கவில்லை. நிந்தியா ஓர் உறையின் மூலையில் ஒட்டியிருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சமையலறைச் சுவரில் நான் எழுதி ஒட்டியிருந்த மளிகைப் பட்டியலைப் பார்த்தாள். இரண்டிலும் அதே வளைந்த ஏழு.

"அம்மா... இது உங்க கையெழுத்துங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "ஆமாம்மா. நம்பர் எழுதறதுக்கு மட்டும் ஒத்தாசையா இருப்பா."

அந்த நேரத்திலாவது உண்மையைச் சொல்லியிருந்தால் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்திருப்பேன். சத்தியமாகக் கொடுத்திருப்பேன்.

ஏப்ரல் 2, திங்கள்

அட்டைப் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டேன். 2,845 அட்டைகள், ஒன்றும் கலையாமல். ஒன்றாம் எண்ணின் அட்டையும் தட்டும் என் பைக்குள். மூடியும்தான். சுமெடாங் பஸ் ஒன்பது மணிக்கு.

"ஏழாம் தேதி முடிஞ்சப்புறம் போயேன்," என்றார். போகாதே என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 8, ஞாயிறு

கண்காட்சி நடந்ததாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வேறு ஏதோ தட்டை வைத்தார்களாம். கதை மட்டும் அதேதானாம்.

மே 20, ஞாயிறு, சுமெடாங்

ரமலான் நோன்பின் நாலாம் நாள். காலையில் அவர் போன் பண்ணினார். உடம்பு எப்படி, நோன்பு எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு இழுத்தார்.

"மூணாவது அடுக்கு பூரா பூத்துப்போச்சு இமாஸ். தண்ணில எவ்ளோ சோப்பு ஊத்தணும்?"

"ஒரு சொட்டு."

"நடுவுல வைக்கிற அந்த மூடியைக் காணோமே?"

"அது என்னுது," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

பிறகு ஒன்றாம் எண்ணை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இங்கே வந்ததிலிருந்து அதை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. வெயிலில் சாய்த்துப் பார்த்தால், வெளுத்த இடத்தில் பள்ளம் இருக்கிறது! மைதான் போயிருக்கிறது. இருபது வயது, முதல் சம்பளம், எத்தனை பெருமை! அப்படி அழுத்தி எழுதியிருக்கிறேன். தடவினால் ஒவ்வோர் எழுத்தும் விரலில் தட்டுப்படுகிறது. தித்தினிடம் பேனா வாங்கி, அந்தப் பள்ளத்தின் வழியே மெதுவாக எழுதினேன்.

அவள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். "பாட்டுப் பெட்டியே இல்லாம இதை வெச்சுக்கிட்டு என்னக்கா பண்ணப்போற?"

"வாங்கினப்பவும் இல்லடி," என்றேன்.

மை நன்றாகக் காயும்வரை காத்திருந்தேன். அப்புறம் மூடியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, கழுவினேன்.