குறுக்குக் காற்றில் ஒரு கம்ப்யூட்டர்

நீஷ் நகர மாணவர் விடுதி, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு, உன் வாலுப் பையன் வுகாஷின் வணங்கி எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா இன்னும் டிவியைத் திட்டுகிறாரா?

நேற்று ஒரு சின்ன வேடிக்கை, பதறாதே. நானும் அறைத்தோழன் ஓக்னியெனும் செய்த அனிமேஷன் படத்தை மதியத்துக்குள் போட்டிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. காட்சிகளைக் கோத்துப் படமாக்கித் தர வேண்டிய எங்கள் பழைய கம்ப்யூட்டரோ ஆமை. அதன் பிராசசரை ஓவர்கிளாக் செய்தேன், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் விரட்டினேன். ஆமை அடுப்பாகிவிட்டது. சூடு நூறு டிகிரியைத் தொட்டால் தானே அணைந்துவிடும், படமும் போய்விடும். வெளியே பனி. ஜன்னலையும் கதவையும் விரியத் திறந்தோம். சூடு இறங்கியது.

அப்போது விடுதிக் காப்பாளர் ராதோய்கா அத்தை வந்தார்.

"அடப்பாவிகளா, குறுக்குக் காத்துல உக்காந்திருக்கீங்களே! வாய் கோணிப் போகும்டா!" என்று ஜன்னலை அறைந்து சாத்தினார். திரையில் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து.

"அத்தே, மூடினா இது வெந்துரும்!" என்று கத்தினேன்.

"வேகட்டும். உன் வாய் கோணினா உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"கோணினாலும் பேச்சு நிக்காது அத்தே. ஒரு மணி நேரம்தான்!"

தொண்ணூற்றெட்டு. ஓக்னியென் கண் கலங்கிவிட்டான். அதைப் பார்த்த அத்தை ஜன்னலைத் திறந்தார். எங்களை மூலைக்குத் தள்ளி, கம்ப்யூட்டருக்கு மட்டும் காற்று போக வழிவிட்டு, காற்றுக்கும் எங்களுக்கும் நடுவே முதுகைக் கொடுத்து நின்றார். படம் போய்ச் சேரும்வரை நகரவில்லை.

இன்று அவருக்குக் கழுத்து திரும்பவில்லை. தேய்க்கப் பிளம் சாராயம் கொஞ்சம் அனுப்பு. எனக்குக் கம்பளிக் காலுறை போதும். ஓக்னியென் தபாலுக்குக் கிளம்பிவிட்டான், முடிக்கிறேன். அத்தை நேற்று என் கழுத்தில் சால்வை சுற்றிவிட்டார். முடிச்சு நீ போடுவது போலவே இருக்கிறது. இன்னும் அவிழ்க்கவில்லை.

வுகாஷின்